பிளாட்டினக் காசும் தகரக் கூரையும்

இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் பல்செட்டின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். அதைக் கட்டித் தந்த பல் டாக்டர் வலேரியானுக்கு நடந்ததுதான் இது.

பீட்டர்ஸ்பர்க்கில் அன்று காலையிலிருந்தே தூறல். வலேரியான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். எதிரே அவர் மனைவி ரிம்மா ஊறுகாய்ச் சாடியை இறுக்கி மூடினாள்.

“தோட்ட வீட்டுக் கூரை இந்தப் பனிக்குத் தாங்காது. போன வருஷமே கட்டிலுக்கு மேல வாளி தொங்குச்சு. கூரைக்கு வெச்ச பணத்த ஏலத்துக்குக் கொண்டு போனீங்க, இந்த வருஷம் அந்த வாளியோடவே குடித்தனம் பண்ணுங்க.”

“சும்மா வேடிக்கை பாக்கத்தாம்மா போறேன்.”

ஜார் நிகலாய் காலத்து மூன்று ரூபிள் பிளாட்டினக் காசு ஒன்று அன்று ஏலத்துக்கு வந்தது. அந்த வரிசையில் அது ஒன்றுதான் அவரிடம் இல்லை. கூரைப் பணம் முழுவதும் கோட்டின் உள்பையில் கனத்தது.

எங்கள் ஊரில் காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு வழக்கம். ஆசைப்படும் காசை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள், சம்பந்தம் பேசப் போன வீட்டில் பலகாரத் தட்டையே பார்க்கும் மாப்பிள்ளை மாதிரி. பார்த்துவிட்டால் போட்டிக்காரன் விலையை ஏற்றிவிடுவான். வலேரியானின் போட்டிக்காரர் அர்காதி, கப்பல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணில் படாமல் இருக்க, தமக்குப் பதிலாகக் கை தூக்க ரிம்மாவின் உடன்பிறந்த தம்பி தீஹனைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார் வலேரியான். அதுவும் போதாதென்று ஒரு பொய்ப் பெயரில் தொலைபேசி ஏலத்துக்கும் பதிந்துவைத்திருந்தார்.

“எவன் கேட்டாலும் விடாத. நான் காதைச் சொறிஞ்சா மட்டும் நிறுத்து.”

“நெசமாவே காது அரிச்சா, அத்தான்?”

“பொறுத்துக்குறேன். நீ வாயை மூடு.”

காசின் முறை வந்தது. வலேரியான் நைசாகத் திரும்பிப் பார்த்தார். தீஹனின் நாற்காலி காலி! பசி வந்து சிற்றுண்டிக்கு எழுந்து போயிருந்தான். தானே கை தூக்கினால் அர்காதி பார்த்துவிடுவார். எனவே வலேரியான் மேல்கோட்டுகள் மாட்டும் அறைக்கு ஓடிப்போய், அவருக்காக விலை கேட்கும் ஏலக்காரர்களின் பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தார்.

“கேளும்மா. கேட்டுக்கிட்டே இரு.”

“அரங்கத்துல இன்னொருத்தர் விடாம கேக்குறாரே, சார்.”

“அவன்தான்! அந்த அர்காதிப் பயதான்! மேல போம்மா!”

உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது தீஹன். ஒரு கையில் முட்டைக்கோஸ் பன், மறு கையில் எண் அட்டை. அத்தானின் காதைத் தேடினான், காணவில்லை. காது இல்லாத இடத்தில் சொறிதல் ஏது? அட்டையைத் தூக்கியபடியே இருந்தான். விலையில் முதலில் கூரையின் தகரம் போயிற்று. பிறகு உத்தரம் போயிற்று. புகைபோக்கியும் போனபோது, காசில் பொறித்த கழுகின், இருநூறு வருடமாக ஆளுக்கொரு பக்கம் பார்த்திருந்த இரண்டு தலைகளும் மெல்லத் திரும்பி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நான் கண்ணால் கண்டேன்.

அப்போது மேல்கோட்டை வாங்க ஒருவர் வந்து நின்றார். அர்காதி!

“என்ன டாக்டர், இங்க நிக்கிறீங்க? உள்ள ரெண்டு பைத்தியம் ஒரே காசுக்கு மல்லுக்கட்டுது. எனக்கு வேணாம்பா, விளிம்புல கீறல் இருக்கு. வீட்ல சூப் ஆறிடும்.”

“நீங்க கேக்கலையா? அப்ப உள்ள கேக்குறது யாரு?”

கோட்டு எடுத்துக் கொடுக்கும் அம்மாள் கழுத்தை நீட்டிக் கதவு வழியே பார்த்தாள். “யாரோ ஒரு ஆளு. வாய் நெறய முட்டைக்கோஸ்.”

வலேரியானின் முகம் சுண்ணாம்பாயிற்று. தொலைபேசியில் அந்தப் பெண், “சார், மேல போகட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்கள் ஆட்கள் காசைவிட முகத்தைத்தான் நம்புவார்கள். அர்காதி அந்த வெளுப்பைப் பார்த்தார்.

“ஓஹோ! நீங்க இப்படி வெளுக்குறீங்கன்னா, அதுல என்னமோ இருக்கு!”

ஒரு கை மட்டும் நுழைந்த கோட்டோடு உள்ளே பாய்ந்து விலையை ஏற்றினார். தீஹன் மறுபடி அட்டையைத் தூக்கப் போனான். அதற்குள் பின்னாலேயே வந்த வலேரியான் இரண்டு காதையும் பிறாண்டிக்கொண்டு நின்றார். அட்டை இறங்கியது, சுத்தியல் விழுந்தது, காசு அர்காதிக்கு. டாக்டரின் காதுகள் மே மாதம் வரை பீட்ரூட் நிறத்தில் இருந்தன.

முதல் பனி விழுந்த அன்று புதுத் தகரத்தின் கீழ் எல்லோரும் தேநீர் குடித்தோம். அர்காதியும் வந்திருந்தார். கீறலைத் தடவித் தடவிக் காட்டியதில் அவருக்குப் பரம சந்தோஷம். வாளி நிறைய ஆப்பிள் இருந்தது.

“எனக்குப் போட்டி அர்காதி இல்ல ரிம்மா, நானேதான்,” என்றார் வலேரியான். “காசு வேணும்னு மட்டும் கேட்டிருந்தா பாதியிலயே விட்டிருப்பேன். அவருக்குப் போயிடக் கூடாதுன்னு கேட்டேன்.”

ரிம்மா அவர் கோப்பையை நிரப்பினாள். “அடுத்தவங்கள தோக்கடிக்கணும்னு வீட்டுப் பணத்துல கை வெச்சா, நீங்க ஜெயிச்சாலும் நனையறது வீட்ல இருக்கறவங்கதான். இத ஏலத்துக்குப் போற ஒவ்வொருத்தரும் நெனப்புல வெச்சுக்கணும்.”

சின்ன வயதிலிருந்தே அவள் பேச்சுக்கு வீட்டில் எதிர்ப்பேச்சு இருந்ததில்லை. பெற்றவர்களுக்கு அவள் மூத்த பிள்ளை.