ஜூலை முப்பதாம் தேதிக் கட்டம்

2007ஆம் ஆண்டு ஜூலை முப்பதாம் தேதி தோல் ஷாப்பில் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்து செத்துப்போன க. வசந்த், 2024 ஜூன் பத்தாம் தேதி திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஏழாம் வகுப்பு மூன்றாம் பெஞ்சில் எழுந்து நின்று “உள்ளேன் ஐயா” என்றான். வயது பன்னிரண்டுதான். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. ஆம்பூருக்கு வெளியே பாலாற்றை ஒட்டி இருக்கும் அந்த நடுநிலைப் பள்ளி கோடை விடுமுறை முடிந்து அன்றுதான் திறந்திருந்தது. வருகை போடும் செயலி திறக்காமல் செல்போனில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்ததால், வகுப்பாசிரியர் ராமலிங்கம் பீரோவுக்குள் கையை விட்டு, காலிப் பக்கங்கள் நிறைய இருந்த ஒரு பழைய பதிவேட்டை இழுத்து வந்தார். எந்த வருஷத்துப் பதிவேடு என்று பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டும்போது பதினேழாம் எண்ணில் கண் நின்றது. கண் நின்ற பெயரை வாய் படித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முபஷ்ஷிரா என்ற பெண் தன் பையை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள்.

ராமலிங்கத்துக்கு அப்போது முப்பத்தொரு வருஷ சர்வீஸ். பள்ளிகொண்டாவில் சொந்த வீடு, அங்கிருந்து தினமும் பஸ். கணக்கு வாத்தியார். மோசமாகச் சொல்லிக்கொடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் செய்த தப்பு வாத்தியார்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வருஷா வருஷம் ஆகஸ்டு முதல் தேதி பள்ளியில் தலைகளை எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தாலும் ஒரு வாத்தியார் உபரி என்று சொல்லி எங்கேயாவது மலைப் பள்ளிக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். 2007இல் அந்த உபரி ராமலிங்கமாகத்தான் இருந்திருப்பார். அந்த ஜூனில் ஐந்து பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போய்விட்டார்கள். ராமலிங்கம் அந்த ஐந்து பேரின் பெயரையும் அடிக்காமல், தினமும் காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு எதிர்ச் சாய்கோடு என்று கட்டத்துக்குக் கட்டம் பெருக்கல் குறி போட்டு வந்தார். தலைமை ஆசிரியை அக்தரி பேகத்துக்கு இது தெரியும். தெரிந்தேதான் மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டார். பள்ளியைக் காப்பாற்றுகிறோம் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். காப்பாற்றியது ராமலிங்கத்தின் பஸ் ரூட்டை.

அந்த ஐந்து பேரில் ஒருவனான வசந்த் தொட்டியில் விழுந்தது மதியம் இரண்டரை மணிக்கு. தூக்கும்போது மூன்று. அந்தச் செய்தி பள்ளிக்கு வருவதற்குள் ராமலிங்கம் மதியத்துக் கோட்டையும் போட்டு முடித்திருந்தார். விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோது தோல் ஷாப் மேனேஜர் ஜெயப்பிரகாஷ், எங்களிடம் சின்னப் பிள்ளைகள் யாரும் வேலை செய்வதில்லை, வேண்டுமானால் பள்ளிக்கூடத்தில் கேளுங்கள் என்றார். பதிவேடு காலையிலும் மதியத்திலும் பையன் வகுப்பில்தான் இருந்தான் என்று சொன்னது. ஆகவே பள்ளி விட்ட பிறகு விளையாட்டாக மதில் ஏறிக் குதித்தவன் ஐந்து மணிக்குத் தொட்டியில் விழுந்தான் என்று எழுதி முடித்தார்கள். வசந்தின் அம்மா ராஜம்மாள் பள்ளிக்கு ஓடி வந்து, அந்த ஒரு கட்டத்தை மட்டும் அழித்துவிட்டு உண்மையை எழுதச் சொல்லி ராமலிங்கத்தின் காலைப் பிடித்தாள். பதிவேட்டில் இருப்பதுதான் இருக்கிறது என்றார் அவர். புகார் எதுவும் இல்லை என்று கம்பெனி எழுதி நீட்டிய காகிதத்தில் புருஷன் கன்னியப்பன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து ராஜம்மாள் அவனோடு பேசுவதில்லை. இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள்.

அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஜூலை முப்பதாம் தேதியும் ராஜம்மாள் பள்ளி கேட்டில் நின்று, ராமலிங்கம் உள்ளே நுழையும்போது மண்ணை வாரித் தூற்றினாள். முதல் தடவை தூற்றிய நாளிலிருந்து அவர் சாப்பாட்டில் மண் கடிக்க ஆரம்பித்தது. அரிசியை ஏழு தண்ணீர் கழுவினாலும், வீட்டம்மா தன் கையால் பிசைந்து ஊட்டினாலும், ஆம்பூர் பிரியாணியே ஆனாலும், அவர் வாயில் மட்டும் நறநற என்று மண். மூன்று பல் போயிற்று. அவர் அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, குறைப்பட்டுக்கொண்டால் காரணம் சொல்ல வேண்டிவரும். அக்தரி பேகத்துக்கும் அவருக்கும் இடையில் அதன் பிறகு பேச்சு கிடையாது. சுற்றறிக்கையை மேஜையில் வைப்பார், இவர் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தால் இருவருக்கும் வேலை போகும் என்பதால் இருவரும் மாற்றல் கேட்கவில்லை. மற்றவர் போன இடத்தில் வாயைத் திறந்துவிடுவார் என்ற பயம். ராஜம்மாளையும் கன்னியப்பனையும் விட்டால், வெறுப்பில் இவ்வளவு நாள் ஒன்றாக இருந்த தம்பதிகள்கூட இந்தப் பக்கத்தில் இல்லை. இருவருக்கும் 2025 மே மாதம் ஓய்வு.

வசந்த் தினமும் வந்தான். பழைய பதிவேட்டிலிருந்து பெயரைப் படித்தால் பெஞ்சில் இருப்பான், படிக்காவிட்டால் இருக்க மாட்டான். அவன் பதில் சொன்னதும் பதிவேட்டில் ஒரு கட்டத்தின் மை அப்போதுதான் எழுதியதுபோல் ஈரமாகும். முதல் நாள் 2007 ஜூன் நான்காம் தேதிக் கட்டம், மறுநாள் ஐந்தாம் தேதி. சத்துணவில் ஒரு முட்டை கூடுதலாகப் போனது. சமையல்காரம்மா தினமும் ஒரு முட்டை உடைந்ததாக எழுதிச் சமாளித்தாள். மாலை நாலு பத்துக்கு மணி அடித்ததும் மற்ற பிள்ளைகளோடு கேட்டைத் தாண்டுவான், சிறுபாலம் வரை இருப்பான், அதற்கு மேல் இல்லை. பொய் வருகை போடப்பட்ட மற்ற நான்கு பேரும் உயிரோடு ஷூ கம்பெனிகளில் இருந்ததால் அவர்கள் வரவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், அது சரியாகத்தான் இருக்க வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, செயலியில் ஏறாத பிள்ளையைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் ராஜம்மாளுக்குச் செய்தி போயிற்று. கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் கை கழுவாமல் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையன் பார்த்தான்.

“இன்னாம்மா, இப்டி கெழவியாய்ட்ட?”

அவள் சேலையைத் திருத்திக்கொண்டாள். அன்று மாலை அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகப் பார்த்தாள். சிறுபாலத்தில் அவள் கை மட்டும் மூடியபடி இருந்தது. மறுநாளிலிருந்து மாலை வரை ஜன்னலிலேயே நின்றாள். வேலைக்குப் போகவில்லை. ஜூலை முப்பதாம் தேதி வந்தபோது, வழக்கப்படி கேட்டுக்குப் போய் ராமலிங்கத்தின் மேல் மண்ணைத் தூற்றிவிட்டுத்தான் ஜன்னலுக்கு வந்தாள். பையன் உள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “சாரு மேல இன்னாத்துக்கும்மா மண்ணு போட்ற?” என்று கேட்டான். “நீ படி” என்றாள்.

அந்த வாரம் தோல் ஷாப்பின் பழைய மேனேஜர் ஜெயப்பிரகாஷும் காரில் வந்தார். இப்போது தடி ஊன்றுகிறார். வகுப்பு வாசலில் நின்று மூன்றாம் பெஞ்சை நன்றாகப் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. “நாங்க அன்னிக்கே சொன்னோம், பையன் ஸ்கூல்லதான் இருக்கான்னு. யாரு நம்பினீங்க?” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ராஜம்மாள் ஜன்னலிலிருந்து திரும்பிக் காரின் மேல் துப்பினாள். துப்பிய இடத்தில் பெயிண்ட் உரிந்து போனது. ஆற்காட்டில் கொடுத்துப் புதிதாக அடித்தும் அங்கே பெயிண்ட் நிற்கவில்லை.

இதற்குள் எல்லோரும் எண்ணிவிட்டார்கள். ஜூன் நான்கிலிருந்து ஜூலை முப்பது வரை நாற்பத்தொரு கட்டங்கள். அதற்கு மேல் வசந்தின் வரிசை காலி. பக்ரீத், முஹர்ரம் விடுமுறை போக, நாற்பத்தொன்றாவது பள்ளி நாள் ஆகஸ்டு ஏழு, புதன்கிழமை. அதற்கு முந்தின நாள் மதியம் ராமலிங்கம் தலைமை ஆசிரியை அறைக்குப் போய், பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து, நாளைக்கு அந்தக் கட்டத்தைச் சிவப்பில் அடித்து, பையன் அன்று பள்ளிக்கு வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த அம்மா கையில் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மனசாட்சி உறுத்துகிறது என்றார். ஓய்வு பெறப் போகிற வருஷத்தில் மனசாட்சி வருவது வழக்கம்தான்.

“கீழ என் கையெழுத்து இருக்குது சார். மறந்துட்டீங்களா?” என்றார் அக்தரி பேகம்.

“மறக்கல மேடம்.”

“பத்து மாசம் இருக்குது. அதுக்குள்ள இன்னாத்துக்குப் பேஜார் பண்றீங்க? அன்னிக்கு அந்தம்மா கால்ல விழுந்தப்போ அழிச்சிருந்தீங்கன்னா நீங்க மனுஷன். இப்போ அழிக்கிறது உங்க சோத்துல மண்ணு கடிக்கிறது நிக்கணும்னு.”

அவருக்கு மண் விஷயம் தெரியும் என்பது ராமலிங்கத்துக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு அக்தரி பேகம், கேட்காமலே, தன் சர்வீஸைப் பற்றிப் பேசினார். எலெக்‌ஷன் டியூட்டி, சென்சஸ், பஸ் பாஸ், செருப்பு அளவு, குடற்புழு மாத்திரை என்று எண்ணி எண்ணியே முப்பது வருஷம் போய்விட்டது என்றார். “ஒரு பிள்ளையோட மூஞ்சி ஞாபகம் இல்ல சார். ஸ்ட்ரெங்த் மட்டும் எந்த வருஷம் கேட்டாலும் சொல்வேன்” என்றார். ராமலிங்கம், தனக்கு ஒரு மூஞ்சி ஞாபகம் இருக்கிறது என்றார். அதைக் கேட்டதும் அக்தரி பேகத்துக்குக் கோபம் வந்து அவரை வெளியே போகச் சொன்னார். சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதார் என்று அலுவலக உதவியாளர் சொல்கிறார்.

ஆகஸ்டு ஏழாம் தேதி வகுப்பில் பெரியவர்கள் நிறையப் பேர் நின்றார்கள். அக்தரி பேகமும் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ராமலிங்கம் பெயரைப் படித்தார். பையன் உள்ளேன் ஐயா என்றான். ஜூலை முப்பதாம் தேதிக் கட்டம் ஈரமானது. ராமலிங்கம் ராஜம்மாளை உள்ளே அழைத்து, பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். “நீங்க கேட்டத இன்னிக்கு எழுதித் தர்றேன்மா” என்று சொல்லிச் சிவப்புப் பேனாவை எடுத்தார். ராஜம்மாளின் முகம் ஒரு கணம் நிமிர்ந்தது. தன் பிள்ளை திரிந்துவிட்டுச் சாகவில்லை, வேலை செய்து செத்தான் என்று ஒரு காகிதமாவது சொல்ல வேண்டும் என்றுதான் அவள் பதினேழு வருஷம் அலைந்தாள். பேனா முனை கட்டத்தில் பட்டது. மூன்றாம் பெஞ்சில் பையனின் தலையிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் சொட்டியது. முபஷ்ஷிராவின் கணக்கு நோட்டில் சுண்ணாம்பு நாற்றத்தோடு அது பரவியது. பையன் மூச்சை இழுத்தான். இழுத்த மூச்சு உள்ளே போகவில்லை.

ராஜம்மாள் ராமலிங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். களை பிடுங்கிய கை. அந்த இடத்தில் இன்றும் நான்கு விரல் தடம் இருக்கிறது.

“எடு பேனாவை.”

“நீங்க கேட்டதுதானேம்மா.”

“அன்னிக்கு அழின்னு உன் காலப் புடிச்சேன், அழிக்கல. இன்னிக்கு அழிச்சின்னா கையை ஒடிச்சிருவேன்.” பையனுக்கு மூச்சு வந்தது. அவள் அவனைப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த அடுத்த கட்டத்தில் விரலை வைத்தாள். “நாளைக்கும் போடு. நாளான்னைக்கும் போடு.”

“அது பொய்யாய்டும்மா.”

“அன்னிக்குப் பொய்யின்னு தெரியாமயா போட்ட?”

ராமலிங்கம் சிவப்புப் பேனாவை மூடினார். மறுநாள் காலை 2007 ஜூலை முப்பத்தொன்றாம் தேதிக் கட்டத்தில் நீல மையில் கோடு போட்டார். வசந்த் வந்தான். தலையில் சுண்ணாம்பு பட்ட இடத்தில் மட்டும் ஒரு கொத்து முடி நரைத்திருந்தது.

2025 மே மாதம் இரண்டு பேருக்கும் மாலை போட்டு அனுப்பினார்கள். ஜூனில் பாரதி என்ற புது டீச்சர் அதே பதிவேட்டில் அதே பெயரைப் படித்துக் கோடு போட்டார். பெஞ்ச் காலியாகவே இருந்தது. ராஜம்மாள் பஸ் ஏறிப் பள்ளிகொண்டாவுக்குப் போய் ராமலிங்கத்தின் வீட்டு வாசலில் நின்றாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து சம்பளம் இல்லாமல் தினமும் வருகிறார். பெங்களூரில் இருக்கும் மகள் கூட வந்து இருக்கச் சொல்கிறாள், போக முடியாது. காய்ச்சல் என்றாலும் வந்தாக வேண்டும். அவர் காலம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை, அவரும் ராஜம்மாளும்கூட. மாதக் கடைசியில் அக்தரி பேகம் ஆட்டோவில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போகிறார். முபஷ்ஷிரா எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். வசந்த் ஏழிலேயே இருக்கிறான். பதிவேட்டின்படி அவன் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தான், இருக்கிறான். தோல் ஷாப்பில் செத்ததற்கு எங்கேயும் எழுத்து இல்லை. ராஜம்மாள் ராமலிங்கத்தை மன்னிக்கவில்லை. ஜூலை முப்பதாம் தேதி மண்ணைத் தூற்றுகிறாள், அவர் சாப்பாட்டில் மண் கடிக்கிறது. ஹைவேயில் நெரிசலாகி பஸ் கால் மணி லேட்டானால் பையன் வருவதும் கால் மணி லேட்டாகிறது. அதற்கும் அவள் கேட்டில் நின்று, முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்தால் என்ன கேடு என்று அவரைத் திட்டுகிறாள்.