கிளம்பும் முன்பே வந்து சேரும் பேருந்து

அந்தப் பேருந்து காலை 7.25-க்கு நகரத்தை விட்டுக் கிளம்பி, 6.10-க்கு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது. அதாவது, கிளம்புவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பாகவே. அச்சடித்த கால அட்டவணை அப்படித்தான் சொன்னது. பல் செட் செய்யும் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக மயிரிழைப் பிசகையும் பிடித்துவிடுகிறவள் அவள். இந்தப் பிசகு மட்டும் மூன்று நாளாகப் பிடிபடவில்லை.

"போறதுக்கு முன்னாடியே வந்து சேர்ற பஸ்ஸா?" என்று அக்கா சமையலறையிலிருந்து சிரித்தாள். "அப்ப நீ போகவே வேணாம்டி. போயிட்டு வந்தாச்சுன்னு வச்சுக்கோ."

"சும்மா இருக்கா. டிப்போவுக்கு நாலு தடவை போன் போட்டுட்டேன். ஒருத்தரும் எடுக்கல."

அவள் கண்ணில் ஒரு கோளாறு. நடுவில் இல்லை, ஓரத்தில். காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி அதன் வழியே பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருப்பது பளிச்சென்று தெரியும், சுற்றிலும் ஒன்றும் இராது. அந்தக் குழாய் மாதத்துக்கு மாதம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. மருந்து கிடையாது என்று மருத்துவர் பட்டென்று சொல்லிவிட்டார். "அடுத்த வருஷம் சைக்கிளைத் தொடாதீங்க. இந்த வருஷம், பொழுது சாஞ்சா தொடாதீங்க."

மிச்சமிருந்தது இந்த ஒரு சைக்கிள் பயணம்தான், அதற்கு மூன்று நாள் விடுப்பு. நகரத்திலிருந்து ஏரிவரை ஆளரவமில்லாத கால்வாய்க்கரை, நாற்பத்தாறு கிலோமீட்டர், சமதளம். முதல் நாள் ரயிலில் நகரம். மறுநாள் காலைப் பேருந்தில் சைக்கிளை ஏற்றி ஏரிக்குப் போய், கரையோடு மிதித்துத் திரும்புவது. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்ட வேண்டியிருப்பதால் மணிக்கு ஏழு கிலோமீட்டர்தான் முடியும். காலைப் பேருந்தை விட்டால் 10.50 பேருந்துதான். அது ஏரியைத் தொடவே பன்னிரண்டு தாண்டும், வழியிலேயே இருட்டிவிடும்.

"நான் கூட வரட்டுமா?" அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"வந்தா என் கையப் பிடிச்சுக்குவ. அதுக்குத்தான் மீதிக் காலம் பூரா இருக்கேக்கா."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள்.

மறுநாள் கூடத்துக்கு ஒரு பல் மருத்துவரின் சீட்டு வந்தது. வலது கடைவாய்ப் பல். பல் மருத்துவர்களின் சீட்டில் நோயாளியின் வலது, தாளின் இடது பக்கத்தில் இருக்கும். வரைகிறவர் எதிரே நின்று வாயைப் பார்க்கிறார் அல்லவா, அதனால். பழகாதவர்கள் பக்கம் மாற்றிப் பல்லைச் செய்துவிடுவார்கள். அவள் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள். எந்தத் தாளையும் யார் பக்கமிருந்து படிப்பது என்று முதலில் கேட்க வேண்டும்.

பையிலிருந்து அட்டவணையை எடுத்தாள். நடுவில் ஊர்ப்பெயர்கள் ஒரே ஒரு தடவை, இருபுறமும் நேரங்கள். தன் குழாயை வலது வரிசையின் மேல் அங்குலம் அங்குலமாகக் கீழே நகர்த்தினாள். அடியில், தனியாக, மேல்நோக்கிய ஓர் அம்பு. முழுத்தாளையும் ஒரே பார்வையில் பார்க்கிறவர்களுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்கும். இடது வரிசை போகிற பேருந்து, மேலிருந்து கீழே படிக்க வேண்டும். வலது வரிசை திரும்புகிற பேருந்து, கீழிருந்து மேலே: 6.10-க்கு ஏரியில் கிளம்பி 7.25-க்கு நகரம். 10.50-க்கு முன்னால் ஏரிக்குப் போகும் பேருந்து என்று ஒன்று இல்லவே இல்லை.

அட்டவணையின் ஓரத்தில் பென்சிலால் நேரங்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். பிறகு அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

"அது வர்ற பஸ்ஸுக்கா. நான் தலைகீழாப் படிச்சிருக்கேன்."

"அப்ப போக முடியாதா?"

"திட்டத்தையும் தலைகீழாப் போட்டுட்டேன். புதன்கிழமை காலைல ஏழு மணிக்கு நகரத்துலேர்ந்து மிதிச்சா ரெண்டு மணிக்குள்ள ஏரி. ராத்திரி அங்க தங்கல். வியாழக்கிழமை இருட்டுலயே 6.10 பஸ்ல சைக்கிளை ஏத்திட்டு வந்துடலாம். ஓட்டப்போறது டிரைவர்தானே."