செங்கல் நிறத்தில் ஒரு வட்டத் தாள்

1.

இந்தக் கதை என் அக்காவின் கைக்குட்டையிலிருந்து பிறந்தது என்றுதான் முதலில் தொடங்கியிருந்தேன். பொய். அறிக்கையில் நான் கோடு போட்டு அடித்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. கைக்குட்டை பிறகுதான் வந்தது. எடுத்த எடுப்பிலேயே பொய் சொன்னது பழக்கதோஷம். என் பிழைப்பு அப்படி. எஞ்சின் சோதனைக்கூடத்தில் அறிக்கை எழுதுகிறவன் நான்.

இன்னொரு தொடக்கமும் வைத்திருந்தேன்: ‘டீசலில் துளி இரும்பு சேர்த்தால் புகை மாயமாய் மறைந்து...’ வேண்டாம், விளம்பரம் மாதிரி இருக்கிறது. ஆனால் விஷயம் அதுதான். இரும்புச் சேர்மம் கலந்த ஒரு மருந்தை டீசலில் கொஞ்சம் விட்டால், எரியும்போது உண்டாகும் கரி உள்ளேயே எரிந்து தீர அந்த இரும்பு உதவுகிறது. சரி, கரி போய்விட்டது. இரும்பு எங்கே போகும்? யாரும் கேட்கவில்லை. (ஒருவர் கேட்டார். அவரிடம் பிறகு வருகிறேன்.)

2.

சோதனை இதுதான். எஞ்சின் புகையை வட்டமான வெள்ளைத் தாள் வழியே இழுப்போம். தாள் எவ்வளவு கறுத்திருக்கிறது என்று ஒரு கருவி எண்ணாகச் சொல்லும். மருந்து விடாதபோது தாள் அட்டைக்கரி. விட்டபிறகு லேசான செங்கல் நிறம். கருவிக்குக் கறுப்பு மட்டும்தான் கணக்கு. எண் பாதிக்கும் கீழே இறங்கியது. கைதட்டினோம்.

சோதனை செய்கிறவரை நாங்கள் ‘மூக்கு’ என்று கூப்பிடுவோம். அவர் மட்டும் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“சார், கறுப்பு போயி செவப்பு வந்திருக்கு. இதெல்லாம் பொடிப்பொடியா இரும்புத்துரு. கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?”

அதனால் எழுதினேன்: [கரி குறைந்தது, ஆனால் இரும்பு மிக நுண்ணிய துகள்களாக வெளியேறுகிறது, மூடிய இடங்களில் கவனம் தேவை.]

மேலாளர் படித்தார். “அளந்தியா?”

“அதுக்கு நம்மகிட்ட கருவி இல்ல சார்.”

“அளக்காதத எப்படிய்யா எழுதுவ?”

அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன்.

(முதல் வரைவில் மேலாளருக்கு ஒரு வஞ்சகச் சிரிப்பு கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் கூடவே இருந்த மனுஷர் அவர். கெட்டவராக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதி!)

3.

அக்கா பஸ் டிப்போவில் மெக்கானிக். குழிக்குள் நின்று பஸ்ஸின் அடிப்பக்கத்தைப் பார்க்கிற வேலை. என் அறிக்கையை நம்பித்தான் டிப்போ அந்த மருந்தை வாங்கியது. முதல் வாரம் கைக்குட்டையை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

“பாருடா, மூக்கச் சிந்துனா கரியே இல்ல! என் தம்பி பாஸ் பண்ண மருந்துன்னு ஷெட்டு பூரா சொல்லிட்டேன்.”

அடுத்த மாதம் ஷெட்டில் புகை இழுக்கும் விசிறியைக் கழற்றினார்கள். புகைதான் இல்லையே, கரண்டு எதற்குத் தண்டம்? விசிறி இருந்த இடத்துக்குக் கீழே என் அறிக்கையின் நகலை ஒட்டினார்கள்.

இப்போது அக்கா இருமுகிறாள். கைக்குட்டையில் செங்கல் நிறம். (இருமலுக்கு அதுதான் காரணமா? யாரும் அளக்கவில்லை. பாருங்கள், மேலாளரின் குரல் எனக்கே எவ்வளவு சரளமாக வருகிறது.)

நேற்று வந்தாள்.

“விசிறிய திரும்ப மாட்டச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுடா. எது கேட்டாலும் உன் ரிப்போர்ட்டக் காட்டுறாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீ அதுல போடலல்ல?”

“போடல.”

“அப்ப விசிறி வேணும்னு காட்ட அதுல வேற ஏதாச்சும் இருக்கும். நீ எழுதுனதுதான, நல்லா யோசி. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்.”

4.

இந்தக் கதைக்கு யோசித்த முடிவுகள்.

ஒன்று: அடித்த வரியை மனுவில் எழுதுகிறேன். விசிறி வருகிறது, என் வேலை போகிறது. அக்கா கண்கலங்கி என்னைக் கட்டிக்கொண்டு... மாட்டாள். “அப்பவே தெரியுமாடா உனக்கு?” என்றுதான் கேட்பாள். வேலை போவதைவிட எனக்கு அந்தக் கேள்விக்குத்தான் பயம்.

இரண்டு: அந்த வரி இல்லாமல் பூசிமெழுகி, ‘காற்றோட்டம் கருதி’ என்று ஒரு மனு. நேரே குப்பைக்கூடை.

மூன்று: மூக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டிப்போவுக்குப் போய்... சீ. என் வேலையை அவர் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

5.

அவள் மனு கேட்டாள். நான் காலையிலிருந்து உட்கார்ந்து கதை எழுதியிருக்கிறேன். கதையில் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ளலாம்; கையெழுத்துப் போட வேண்டாம். த்தூ, இதுவும் ஒரு எழுத்து.

வாசகரே, அடித்த வரியை நீங்கள் படித்துவிட்டீர்கள். இப்போது அது எனக்கும் மூக்குக்கும் மேலாளருக்கும் உங்களுக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

மாடிப்படியில் அவள் சத்தம். முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறி வருவாள். இப்போது பாதியில் நின்று இருமுகிறாள். மேசைமேல் இந்தக் கதை இருக்கிறது. பக்கத்தில் ‘ஐயா’ என்பதற்குமேல் நகராத மனு. எதை அவள் கையில் கொடுப்பது? சொல்லுங்கள். இருமல் நின்றுவிட்டது, மறுபடி ஏறுகிறாள்.