ஒரு பக்கத்து அழுகை

மகளின் பேருந்து கிளம்பப் பத்து நிமிடம் இருந்தபோது, செல்போன் ரிப்பேர்காரரின் வலது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. இடது கண்ணோ பக்கத்து வீட்டுத் துக்கத்துக்கு வந்தது போலச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. மனைவி நின்றது இடது பக்கம். அவருடைய கெட்ட நேரம்.

பல வருடங்களாக அவருக்கு இடது மூக்கு ஒழுகும். சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஏசி காற்று பட்டாலோ, சூடாக ஏதாவது குடித்தாலோ குழாய் திறந்துவிடும். அவருடையதோ குனிந்து பார்க்கிற வேலை. மூன்று மாதத்துக்கு முன்பு, பிரித்து வைத்திருந்த போனுக்குள் ஒரு சொட்டு விழுந்து, அது உயிரை விட்டது. நேரே டாக்டரிடம் போனார்.

"மூக்கு நல்லாத்தான் இருக்கு. தண்ணி விடச் சொல்றது, ரத்தக்குழாய விரியச் சொல்றது எல்லாம் ஒரே நரம்பு. அதுதான் ஓவரா வேலை பாக்குது. இடது பக்கம் வெட்டி விட்டுடலாம்," என்றார் டாக்டர். "ஆனா கண்ணீருக்கும் அதுலதான் லைன் போகுது. அந்தக் கண்ணு அழாது."

"நான் எங்க சார் அழப்போறேன்?" என்று கையெழுத்துப் போட்டார். மூக்கு கப்சிப். கண் சமாச்சாரத்தைப் பற்றி மட்டும் வீட்டில் அவர் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மனைவி ஆபரேஷனே வேண்டாம் என்றிருப்பாள்.

இப்போது அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பெத்த பொண்ணு ரெண்டு வருஷத்துக்குப் போறா. கல்லு மாதிரி நிக்கிறீங்களே."

"அப்பா அப்பலேர்ந்து அழுதுட்டுதாம்மா இருக்காரு," என்றாள் வலது பக்கம் நின்ற மகள்.

"எனக்குக் கண்ணு தெரியாதா? நீ ஒண்ணும் வக்காலத்து வாங்க வேணாம்."

முழுதாகத் திரும்பி நின்று வலது கண்ணை அவளுக்குக் காட்டலாம். ஆனால் கிளம்புகிற நேரத்தில் மகளுக்கு வறண்ட கண்ணைக் காட்ட மனம் வரவில்லை. மனைவியிடம் நாளைக்குக்கூட வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். அப்படியே நின்றார்.

ஹாரன் அடித்தது. மகள் ஏறி, ஜன்னல் வழியே கையை ஆட்டினாள். பேருந்து நகர்ந்தது.

"மூக்குக்காக நரம்ப வெட்டினாங்கள்ல," என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி. "இந்தக் கண்ணுக்கும் அதான் லைனாம்."

"இத எப்ப சொல்றதா இருந்தீங்க?"

அவள் சுற்றி வந்து வலது பக்கம் நின்றாள். முகவாயிலிருந்து சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக வேலையில்லாமல் அவர் பையில் கிடந்த கைக்குட்டையை உருவி, திட்டிக்கொண்டே துடைத்துவிட்டாள்.

பேருந்து திருப்பத்தில் மறைந்தது. அவள் கைக்குட்டையை மடித்து, ஒரு சொட்டும் இல்லாத இடது கண்ணையும் துடைத்தாள்.