ராசப்பனின் வருடப் பாஸ்

அந்தப் பார்க்கில் பிடிக்காதது எது என்று அத்தாயியிடம் கேட்டால், எங்கே தொடங்குவது என்பதுதான் அவளுக்குச் சிக்கல். வாசலில் ரோஸ் நிறக் காதோடு ஒரு சிமெண்டு யானை நிற்கும். உள்ளே போனால் மோட்டார் போட்டால் விழுந்து, கரண்டு போனால் நின்றுவிடுகிற ஓர் அருவி. அதைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிற குட்டி ரயில்.

"எங்கியும் போவாத வண்டிக்கு டிக்கெட்டு வேற. அதுல ஏறி உக்காந்துட்டுக் கையக் கைய ஆட்டறானுங்க, பம்பாய்க்குப் போற மாதிரி" என்பாள்.

இத்தனை ஏளனம் செய்கிறவள் தினமும் இரண்டு முறை அந்தப் பார்க்குக்குள் போய் வந்தாள். வேறு வழியில்லை. மலை மேல் அரியூர் நாட்டில் அவள் வீட்டுக்கும், கீழே பள்ளத்தில் இருந்த நெல் வயலுக்கும் நடுவில்தான் பார்க் இருந்தது. முன்பு அந்த இடம் அவர்கள் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டிருந்த காடு. காரில் வந்த ஒருவருக்கு அவள் கணவன் ராசப்பன் அதை விற்றுவிட்டு, விற்ற பிறகு அவளிடம் யோசனை கேட்டான். அவள் சொன்ன யோசனையை அக்கம்பக்கத்தார் இன்னும் மறக்கவில்லை.

சுற்றிலும் வேலி போட்டுப் பார்க் எழும்பியது. 2003 தை மாதம் திறப்பு விழா. காரில் வந்தவர்தான் முதலாளி. அவர் ராசப்பனை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டு, "நிலம் கொடுத்த நல்ல மனுசனுக்கு நம்ம மரியாதை" என்று மைக்கில் சொல்லி, ஒரு வருடத்துக்கான குடும்பப் பாஸைக் கழுத்தில் மாட்டிவிட்டார். கணவன் மனைவி இருவர் படமும் ஒட்டிய பிளாஸ்டிக் அட்டை. அதைக் காட்டினால் மேல் கேட்டில் நுழைந்து பின் கேட்டில் இறங்கலாம். போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் வயலுக்குப் போய்விடலாம். பாஸ் இல்லாவிட்டால் வேலியோரமாகவே நடந்து, ஓடைக்குள் இறங்கி, பாறை ஏறி, முழங்கால் கழலக் கழலப் போக வேண்டும்.

அதனால் அத்தாயி சாணிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கலர் கலராய் உடுத்திய டூரிஸ்ட்டுகளுக்கு நடுவே நடந்தாள். அவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். "பொத்திக்கங்க, பொத்திக்கங்க. உங்க சென்ட்டு நாத்தத்துக்கு நான் மூக்கப் பொத்திட்டா நடக்கறன்?" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ராசப்பன் போனது வேறு காரணத்துக்கு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தலைக்கு எண்ணெய் தடவி வாரி, பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவான். சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு கொண்டுபோகிற அன்றும் அந்த அட்டை சட்டைக்கு வெளியே தொங்கும். பஸ் கண்டக்டர் அதைப் பார்த்து, "ஏனுங்க, எந்த ஆபீஸ்ல இருக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டுவிட்டான். அதை ராசப்பன் பத்து நாள் சொல்லித் திரிந்தான்.

"ராட்டினத்துல ஏத்தி உடறாங்க அத்தாயி. ஒரு நாளும் முகஞ்சுளிச்சதில்ல. என்னப் பாத்தாப் போதும், 'வாங்க பெரியவரே'ன்னு ஓடி வாராங்க."

"ஓடி வரட்டும். காட்டக் குடுத்துட்டுத் தொட்டில்ல ஆடறீங்க. அம்பது வயசுக் கொழந்த."

மார்கழிக் கடைசியில் பார்க் மேனேஜர் அர்த்தனாரி வீட்டுக்கு வந்தான். திருச்செங்கோட்டுக்காரன். இந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது.

"அண்ணா, தை பொறந்து பத்தாம் நாளோட உங்க பாஸ் முடியுதுங்க. புதுப்பிச்சுட்டீங்கன்னா நல்லதுங்க. உங்களுக்குன்னா பாதி வெல போதும்னு மொதலாளி சொல்லீட்டாருங்க."

ராசப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்கென்னங்க தம்பி. ஒரு ஆட்ட வித்தா வந்துட்டுப் போவுது."

"எந்த ஆட்ட?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. தொடர்ந்து அத்தாயியும் வந்தாள். "போன வருசம் மாலையோட குடுத்தீங்க. இந்த வருசம் வெலைக்கா? மருவாதி ஒரு வருசத்துல கெட்டுப் போற பண்டமா தம்பி?"

"அக்கா, மெயின்டனன்ஸ் செலவு ஏறிப்போச்சுங்க..."

"எங்க காட்டுல நாங்க நடக்கறதுக்கு உங்களுக்கு என்ன செலவு? நான் காலால நடக்கறன். கரண்டுலயா நடக்கறன்?"

அர்த்தனாரி டீயை வாங்காமலேயே எழுந்து போனான்.

அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சு. ராசப்பன் கெஞ்சினான், கோபித்துக்கொண்டு ஒருவேளை சாப்பிடாமலும் இருந்து பார்த்தான். அத்தாயி அந்தச் சோற்றை நாய்க்குப் போட்டாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் ஆட்டம் இருந்தது. வயலில் கதிர் தலைசாய்ந்துவிட்டது. அறுப்பு முடிந்து கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடையும் பாறையும் ஏறுவதை நினைத்தாலே அவளுக்கு இடுப்பு வலித்தது. பார்க் வாசலில் அன்னாசிப்பழம் நறுக்கி விற்கிற பாப்பாயியும் அதையேதான் சொன்னாள்.

"வீம்புக்கு வலியச் சம்பாதிக்காத அத்தாயி. அந்தாளு ஆசைக்குன்னு நெனைக்காத, உன்ற காலுக்குன்னு நெனச்சுப் புதுப்பிச்சிரு."

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மத்தியானம், வயலிலிருந்து திரும்பும்போது அர்த்தனாரியைப் பார்த்து, சரி என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்தாள். அதை அவன் முகம் பார்த்துச் சொல்வதை நினைக்க வேப்பங்காயைக் கடித்ததுபோல் இருந்தது. ஆனாலும் டிக்கெட் கவுண்டர் பக்கம் நடந்தாள்.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பத்துப் பதினைந்து பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஈ காக்கை இல்லை. ராட்டினம் சும்மா நின்றது. "என்னங்க, ஆளே இல்ல. ஓடாது போல இருக்கு. பெரிய அருவிக்கே போயிருலாம்" என்றார் அவர்களில் ஒருவர்.

அர்த்தனாரி கவுண்டருக்குள்ளிருந்து ராட்டினத்துக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினான். "ஏய், பெருச ஏத்து! சீக்கிரம்!"

ராட்டினத்துக்காரன் ஓடினான். மரத்தடியில் முறுக்கு தின்றுகொண்டிருந்த ராசப்பனிடம் "வாங்க பெரியவரே, வாங்க வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து தொட்டியில் உட்காரவைத்தான். "நல்லாக் கத்தோணும், கையை ஆட்டோணும், செரிங்களா?" என்றான். ராட்டினம் சுற்ற ஆரம்பித்தது. உச்சிக்குப் போனதும் ராசப்பன் இரண்டு கையையும் தூக்கி "ஓ...ஹோ..." என்று கத்தினான். வேன்காரர்கள் சிரித்தார்கள். "அட, தாத்தாவே பயமில்லாமச் சுத்தறாரு!" என்று பெண்கள் கூவினார்கள். மளமளவென்று டிக்கெட் விற்றது.

விற்ற கையோடு ராட்டினத்தை நிறுத்தினான் ராட்டினத்துக்காரன். "எறங்குங்க, எறங்குங்க. பார்ட்டி வந்திருச்சு. போயி ரயில்ல உக்காருங்க. அடுத்து அங்க வருவாங்க" என்றான்.

ராசப்பன் சிரித்த முகத்தோடு இறங்கி ரயிலுக்குப் போனான்.

ராட்டினத்துக்காரன் கவுண்டர் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "இந்தக் கெழட்டுக் கொரங்கு மட்டும் இல்லீன்னா நம்ம கடைய எப்பவோ சாத்தியிருப்போம் சார்!" அர்த்தனாரி சிரித்தான்.

அத்தாயி காலிக் கூடையோடு அங்கேயே நின்றாள். ஒரு வருடமாக ஓடி ஓடி வந்து கூப்பிட்டதன் பொருள் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் சிரிப்பு வரும்போல் இருந்தது. அடுத்த நொடி காது இரண்டும் சுட்டது. அந்த மனிதனைத் தொட்டிலில் ஆடுகிற குழந்தை என்றும் காட்டைத் தொலைத்த மடையன் என்றும் அவள் ஆயிரம் சொல்லியிருக்கிறாள். முப்பது வருடம் சோறாக்கிப் போட்டுச் சம்பாதித்த பாத்தியதை அது. இவனுகளுக்கு யார் கொடுத்தது?

கூடையைக் கவுண்டர் பலகை மேல் பொத்தென்று வைத்தாள். ஒட்டியிருந்த சாணி டிக்கெட் கட்டின் மேல் உதிர்ந்தது.

"தம்பி, பாஸுக்கு நாங்க காசு தரோணுமா, இல்ல நீங்க எங்களுக்குக் கூலி தரோணுமா?"

அர்த்தனாரி எழுந்தான். "என்னக்கா பேசறீங்க?"

"ஆளு புடிக்கறதுக்கு என்ற ஊட்டுக்காரரக் கட்டி ஆட்டறீங்க. பூம்பூம் மாட்டுக்காரங்கூட மாட்டுக்குத் தீனி போட்டுத்தான் கூட்டீட்டு வருவான். நீங்க தீனிக்கும் அவர்கிட்டயே காசு கேக்கறீங்க!"

"அக்கா, கத்தாதீங்க. கஸ்டமர் இருக்காங்க. அவரா ஆசப்பட்டுத்தானுங்க உக்கார்றாரு. நாங்க ஒரு கலகலப்புக்கு..."

"கெழட்டுக் கொரங்குன்னு உங்காளு சொன்னானே, அதுவும் கலகலப்புக்கா?"

அர்த்தனாரியின் பார்வை அவளுக்குப் பின்னால் போனது. சத்தம் கேட்டு ராசப்பன் ரயிலிலிருந்து இறங்கி வந்து நின்றிருந்தான்.

"நெசமாவாங்க தம்பி?" என்று கேட்டான்.

"அட, அவன் ஒரு வெளையாட்டுக்குச் சொன்னானுங்கண்ணா. நீங்க மனசுல வெக்காதீங்க."

ராசப்பன் கழுத்திலிருந்த பாஸைத் தலை வழியாகக் கழற்றினான். வாரிய முடி கலைந்தது. பாஸைப் பலகை மேல் வைத்தான்.

"இன்னும் நாள் இருக்குங்களேண்ணா" என்றான் அர்த்தனாரி.

"நீங்களே உக்காந்து சுத்துங்க" என்று சொல்லிவிட்டு ராசப்பன் மேல் கேட்டைப் பார்த்து நடந்தான்.

அன்று சாயந்திரம் அத்தாயிக்குக் கேலி பேச நல்ல வாய்ப்பு. ஒரு வருடமாகச் சேர்த்துவைத்த சொற்கள் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் ஒன்றும் வெளியே வரவில்லை. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தாள். அவன் சாப்பிட்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா வருசம் பூரா உட்டிருப்பனா?"

அத்தாயி அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

தை பிறந்து ஒரு வாரத்தில் அர்த்தனாரி மறுபடி வந்தான். இந்த முறை கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். முதலாளி, பார்க்கில் பணம் போட்டுப் பங்கு சேரப்போகிற ஒரு பெரிய மனிதரைக் கூட்டிவருகிறாராம். பார்க் கலகலவென்று இருக்க வேண்டுமாம்.

"அக்கா சொன்னதும் நாயந்தானுங்க. தெனக்கூலி போட்டுக் குடுத்தர்றோம். பாஸும் சும்மாவே புதுப்பிச்சுத் தாரோம். அண்ணன் வந்து உக்காந்தாப் போதுமுங்க."

மறுநாள் அறுப்பு. கூலியும் வருகிறது, வழியும் கிடைக்கிறது. அத்தாயியின் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ராசப்பன் பக்கம் திரும்பி, "போயி உக்காந்தாத்தான் என்னங்க? இப்பக் கூலி தர்றாங்கல்ல?" என்றாள்.

ராசப்பன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே சொன்னான்: "ஆசைக்கு உக்காந்தன். கூலிக்குன்னா எனக்குக் கதிரறுக்கத் தெரியும்."

இந்த மனிதனிடமிருந்து இப்படி ஒரு சொல் வரும் என்று அத்தாயி நினைத்ததே இல்லை. அர்த்தனாரி அவளைப் பார்த்தான். அவள் சிபாரிசு செய்வாள் என்று எதிர்பார்த்தான் போலும்.

"என்னயப் பாத்து என்ன தம்பி? அவருதான் சொல்லீட்டாருல்ல" என்றாள் அத்தாயி. "உங்க மொதலாளியவே ஏத்தி உடுங்க. பங்கு கெடைக்குலீன்னா அவரே நல்லாக் கத்துவாரு. அந்தப் பழத்த எடுத்துட்டுப் போங்க, கொரங்கு இந்த ஊட்டுல இல்ல."

மலைக்குக் கீழேயிருந்து இரண்டு பேரைக் கூலிக்குப் பிடித்துவந்து உட்காரவைத்தார்கள் என்று பிற்பாடு பாப்பாயி சொன்னாள். மலை ஏறி வந்த மயக்கத்தில் ஒருவன் ராட்டினத்தின் உச்சியிலிருந்தே வாந்தி எடுத்துவிட்டானாம். பெரிய மனிதர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்துக்கொண்டே காரில் ஏறினாராம்.

அறுப்பு முடிந்து கதிர்க்கட்டுகளை வேலியோரமாகவே சுமந்தார்கள். அத்தாயி வழி நெடுக வைதாள். பாறையை வைதாள், ஓடையை வைதாள், காட்டை விற்ற கையை வைதாள். ராசப்பன் முன்னால் நடந்தான். ஓடைக்கரையில் கட்டுகளை இறக்கிவைத்து இருவரும் உட்கார்ந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ராட்டினம் காலியாக நின்றது.

"நெசமாச் சொல்லுங்க" என்றாள் அத்தாயி. "அந்த உச்சிக்குப் போனா அப்படி என்னதான் தெரியும்?"

ராசப்பன் யோசித்தான். "ஒண்ணும் பெருசா இல்ல. பனி இல்லாத நாள்ல புளியஞ்சோலைப் பக்கம் கீழ்நாடு கொஞ்சம் தெரியும். அப்பறம் நம்ம ஊட்டுக் கூரை. மேக்கால ரெண்டு ஓடு ஒடஞ்சிருக்குது."

"ஒரு வருசமா அதப் பாத்துட்டா வந்தீங்க? மழையில ஒழுகுது ஒழுகுதுன்னு நான் சட்டியும் ஏனமுமா வெச்சுட்டுக் கெடந்தனே, ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"நீ கேக்கவே இல்லியே" என்றான் ராசப்பன். அவள் எழுவதற்குள் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பாறை மேல் விறுவிறுவென்று ஏற ஆரம்பித்தான்.