பெஞ்சுக்கு அடியில் திட்ட விலக்கம்

அந்தக் கல்லூரியில் மாணவர்களின் தலையில் ஏறாத சொற்கள் தரையில் விழுந்தன. எப்போது தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கட்டடத்துக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த வருஷம் என்பார்கள் சிலர். சட்டைப் பொத்தான் அளவில், சாம்பல் நிறத்தில், தொட்டால் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும். 'ஆகவே' தலைமுடி மாதிரி லேசானது. மின்விசிறி போட்டால் மூலைக்கு மூலை பறக்கும். புள்ளியியல் பாடத்தில் வரும் 'திட்ட விலக்கம்' கனமானது; வெறுங்காலில் விழுந்தால் நகம் கறுத்துவிடும். பெருக்குகிற அம்மா மாலையில் எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிப் பின்பக்கத்துப் பள்ளத்தில் கொட்டுவாள். பள்ளம் என்றைக்கோ நிரம்பிவிட்டது. இப்போது அதன்மேல் சைக்கிள் நிறுத்துகிறார்கள். நிர்வாகம் இதைத் துப்புரவுப் பிரச்சினையாகவே கருதி, வகுப்பறைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும்படி ஆண்டுதோறும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவந்தது.

புள்ளியியல் துறையில் ஏ பிரிவுக்குப் பாடம் எடுத்தவரை மாணவர்கள் 'அதாவது சார்' என்று அழைத்தார்கள். அடுத்த அறையில் பி பிரிவுக்கு, அதே பாடத்தை அதே மணியில் எடுத்தவர் அவருடைய மனைவி. சாரின் அறையில் வகுப்பு முடியும்போது கணுக்கால் வரை சொல் கிடக்கும். மேடத்தின் அறையில் தரை கழுவி விட்ட மாதிரி இருக்கும். "உங்க ரூம்னா ரெண்டு சாக்கு வேணும் சார். மேடம் ரூமுக்குத் துடைப்பத்தை எடுத்துட்டுப் போறேன், அப்படியே எடுத்துட்டு வரேன்" என்று பெருக்குகிற அம்மா ஒருமுறை சொன்னாள். அவள் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். சாருக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் மனைவியின் சம்பளத்தைப் பார்த்தோ, அவளுக்கு மட்டும் நரைக்காத தலையைப் பார்த்தோ அவர் பொறாமைப்பட்டதில்லை. தரையைப் பார்த்துப் பட்டார். அவள் அறையைக் கடக்கும்போதெல்லாம் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து, பெஞ்சுகளுக்கு அடியில் ஒரு 'மற்றும்' ஆவது கிடக்கிறதா என்று தேடினார். கிடக்காது. வீட்டிலும் இதே கதைதான். சாப்பாட்டு மேசையில் அவர் நாற்காலிக்கு அடியில் தினமும் நாலைந்து 'அதாவது' கிடக்கும். மனைவி ஒன்றும் சொல்லாமல் கூட்டித் தள்ளுவாள். அந்த ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. குரலை உயர்த்திப் பார்த்தார். சொற்கள் இன்னும் கனமாக விழுந்தன, முன் பெஞ்சில் ஒருவனுக்குக் கட்டுப் போட வேண்டியிருந்தது. திரையில் படம் காட்டிப் பார்த்தார். வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கறுப்புப் புள்ளியோடு விழுந்தன. கற்பித்தலை மேம்படுத்த நடந்த பயிலரங்குக்குப் போனார். வெளியூரிலிருந்து வந்த வல்லுநர் மூன்று நாள் பேசினார். கடைசி நாளில் பேராசிரியர்கள் முழங்கால் ஆழத்தில் நடந்து சென்று சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. வகுப்பில் அடிக்கொரு தரம் நிறுத்தி, "புரிஞ்சுதா?" என்று கேட்டும் பார்த்தார். "புரிஞ்சுது சார்" என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அந்தப் 'புரிஞ்சுது'களும் தரையில்தான் விழுந்தன. அறை முன்பைவிட மோசமாயிற்று.

மானத்தை விட்டு ஒருநாள் மனைவியிடமே கேட்டார். "நான் ஒண்ணும் பெருசா பண்றதில்லைங்க. கேள்வி கேட்டுட்டு சும்மா நிப்பேன்" என்றாள் அவள். சும்மா நிற்பதற்கா இவளுக்குச் சம்பளம் என்று நினைத்தார். தொழில் ரகசியத்தைக் கட்டின புருஷனிடமே மறைக்கிறாள் என்று முடிவுகட்டி, ஒரு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவருக்கு ஒரே ஆறுதல் மகள். அவள் அதே துறையில் சேர்ந்தபோது, பிரிவு பிரிக்கிற வேலை தன் கையில் இருந்ததால், அவளை ஏ பிரிவில் போட்டுக்கொண்டார். வருஷம் முழுக்க அவள் உட்கார்ந்த இடத்துக்குக் கீழே மட்டும் தரை பளிச்சென்று இருந்தது. அதை வீட்டில் ஒருநாள் விடாமல் சொல்லிக்காட்டினார். "என் பொண்ணுக்கு நான் சொன்னா ஏறும். ரத்தம்." மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டு "சந்தோஷம்" என்பாள். மகள் இருமுவாள்.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் சுண்ணக்கட்டி கைதவறி உருண்டது. எடுக்கக் குனிந்த சார், மகளின் கால் செய்கிற வேலையைப் பார்த்துவிட்டார். விழுகிற ஒவ்வொரு சொல்லையும் அவள் செருப்பு முனையால், சத்தமில்லாமல், பக்கத்துப் பெண்ணின் பெஞ்சுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். பழகிய கால். தள்ளும்போது முகம் கரும்பலகையைவிட்டு நகரவில்லை. பக்கத்துப் பெண்ணின் கீழே எப்போதும் இரட்டைக் குவியல் கிடப்பதையும், அதற்காக அந்தப் பெண்ணை மக்கு என்று தான் பலமுறை திட்டியிருப்பதையும் சார் நினைத்துப் பார்த்தார். எழுந்து மீதிப் பாடத்தை முடித்தார். அதுவும் விழுந்தது.

வீட்டுக்குப் போய் மேசையில் உட்கார்ந்ததும் கேட்டார். "எத்தனை நாளா?"

"முதல் நாள்லேர்ந்துப்பா."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அம்மாகூட சண்டை போடுவீங்க. போன வருஷமே பி பிரிவுக்கு மாறலாம்னு நெனச்சேன். அப்புறம் நீங்க ரத்தம் கித்தம்னு பேச ஆரம்பிச்சிட்டீங்க." தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி, "இந்த வாரத்தோட பிரிவு மாத்திக்கிற தேதி முடியுதுப்பா" என்றாள்.

மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். போகும்போது அவள் முகத்தில் வெற்றி இருக்கிறதா என்று சார் உற்றுப் பார்த்தார். இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

மறுநாள் அவர் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. "சராசரியா பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வருது. நீங்க எப்பவாவது போய் நிக்கிறீங்க. எவ்வளவு நேரம் காத்திருப்பீங்க?" என்று கேட்டுவிட்டு நின்றார். பதில் தொண்டை வரை வந்து முட்டியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அந்த அறையில் அத்தனை வருஷத்தில் முதல்முறையாக மின்விசிறியின் சத்தம் கேட்டது. மாணவர்கள், சாருக்கு உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருவன் பரிதாபப்பட்டு, "அஞ்சு நிமிஷம் சார்" என்றான். தப்பு. திருத்த எழுந்த சொல்லை சார் விழுங்கினார். அது முள் மாதிரி இறங்கியது. "நீ என்னம்மா சொல்றே?" என்று மக்கு என்று திட்டு வாங்கிய பெண்ணைக் கேட்டார்.

"அஞ்சு நிமிஷமா? இவன் என்னைக்கு சார் பஸ் ஏறியிருக்கான்? நான் தினம் அரை மணி நேரம் நிக்கிறேன்" என்றாள் அவள். அதற்குப் பிறகு அறை சாரின் கையில் இல்லை. பெஞ்சுகளைத் திருப்பிப்போட்டுச் சண்டை பிடித்தார்கள். அடுத்தடுத்து இரண்டு பஸ் வருவதைப் பற்றி ஒருவன் கத்தினான். கடைசியில் மகள் எழுந்து, "பஸ் ஒரே சீரா வர்றதில்லை சார். பெரிய இடைவெளியிலதான் நிறைய பேர் வந்து மாட்டுவாங்க. அப்ப நாம நிக்கிறதும் பெரும்பாலும் பெரிய இடைவெளியாத்தானே இருக்கும்?" என்று கேட்டாள். கேட்டபோது அவள் கால்கள் இரண்டும் அசையாமல் இருந்தன. அன்று பெருக்குகிற அம்மா அரைச் சாக்கோடு வெளியே வந்து, வேறு யாரோ ஏற்கெனவே கூட்டிவிட்டார்களா என்று விசாரித்தாள்.

தேதி முடிந்தது, மகள் பிரிவு மாறவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அவள் வாய் ஓயவில்லை. ரயிலுக்கும் இது பொருந்துமா, கடை வரிசைக்குப் பொருந்துமா என்று அப்பாவைக் குடைந்துகொண்டிருந்தாள். மனைவி நடுவில், "நான்னா இதுக்கு முதல்ல ஒரு வரைபடம் போட்டு..." என்று ஆரம்பித்தாள். மகள், "இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு அப்பா பக்கமே திரும்பினாள். டக் என்று ஒரு சத்தம். மனைவியின் நாற்காலிக்கு அடியில் 'வரைபடம்' கிடந்தது.

அந்த வீட்டில் அவள் தவறவிட்ட முதல் சொல் அது. செருப்பு வாரைச் சரிசெய்து சரிசெய்து, சார் வருஷக்கணக்காகத் தேடியது அதைத்தான். வயிற்றில் ஜில்லென்று ஏதோ பரவியது. தலை நிமிர்ந்தபோது, மனைவி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற பார்வை.

சார் மகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே காலை நீட்டினார். 'வரைபட'த்தை மெதுவாக, சத்தமில்லாமல், தன் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அங்கே இன்னொன்று கிடந்தால் யாரும் கவனிக்கப் போவதில்லை.