கழுத்து மூடிய கவுன்

"உங்க மருமக தலையில்லாத பிள்ளைக்கா தைச்சா?" என்று சிரித்துக்கொண்டே டீச்சர் கவுனை என் மடியில் போட்டார். "பொண்ணுக்கு மாட்டி விடறேன், மாட்டி விடறேன், தலையே வெளியில வரலை!"

விரித்துப் பார்த்தேன். ஒரு தோள்பட்டையில் தொடங்கிய தையல் கழுத்து வந்ததும் நிற்கவே இல்லை. மறு தோள்பட்டை வரை நேராக ஓடியிருந்தது. வெட்டிய கழுத்தைச் சேர்த்து மூடித் தைத்திருந்தாள். கோணல் இல்லாத, நெருக்கமான தையல்.

இதே மாதிரி ஒரு கவுனை நான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

"கைக்குழந்தைக்காரி. தூக்கக் கலக்கத்துல மெஷினை மிதிச்சிருப்பா. நாளைக்குப் பிரிச்சுத் தர்றோம் டீச்சர்."

"அவசரமில்லைம்மா. பாவம், உள்ள இப்பவும் தைச்சுக்கிட்டுத்தான் இருக்கா போல."

அவர் போன பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். அது என் அம்மாவின் தையல் மெஷின். எனக்கு வந்து, என்னிடமிருந்து மருமகளுக்குப் போனது. பேரன் பிறந்து எட்டு மாதமாக மதியம் முழுக்க அது ஓடுகிறது. நல்ல உழைப்பாளி என்று நானும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் துணி இருந்தால் மெஷின் முனகும். வெறும் மெஷின் பல்லை நறநறவென்று கடிக்கும். உள்ளே கேட்டது பல் கடிக்கிற சத்தம்.

பதினோரு வயதில் கேட்ட சத்தம் அது.

"ஏம்மா, கழுத்து எங்கே?"

"வெட்டினேனேடி."

"மூடிட்டியே!"

அந்தக் கவுனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையை நீட்டியபடி, முண்டப் பேய் மாதிரி வீட்டைச் சுற்றி வந்தேன். தம்பி தங்கைகள் நாலு பேரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்கம்மாவுக்கு வீட்டுல சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து மூளை மழுங்கிப் போச்சு!" கடைசிக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் சிரித்தாள். வாய் மட்டும்.

அடுத்த மாதம் அம்மா இல்லை. காய்ச்சல் என்று வெளியே சொன்னோம். சொல்லிச் சொல்லி நாங்களே நம்பிவிட்டோம்.

கதவைத் தள்ளினேன். மருமகள் சுவரைப் பார்த்தபடி மிதித்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் இல்லை; அடியில் துணி இல்லை. பாயில் குழந்தை அழுது ஓய்ந்து, நனைந்து கிடந்தது.

"என்னடி தைக்கிறே?"

"ஒண்ணுமில்லை அத்தை."

"அப்புறம் எதுக்கு மிதிக்கிறே?"

"சத்தம் கேட்டா யாரும் உள்ள வர மாட்டீங்கல்ல."

கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

"தெரியலை. பல் தேய்க்கணும்னு நினைச்சாலே மலையா இருக்கு. இவனைப் பார்த்தா யார் வீட்டுப் பிள்ளையோன்னு இருக்கு. போன வாரம் உங்ககிட்ட சொல்ல வந்தேன். நீங்க..."

நினைவிருந்தது. 'நாங்க பெத்துக்கலையா, வளர்க்கலையா' என்று அவள் வாயை மூடினது நான்தான். அதுவும் நேர்த்தியான தையல்.

"செத்துப் போயிடலாம்னு தோணுதாடி?"

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. அறையே நின்ற மாதிரி இருந்தது.

அன்றைக்கு முழுக்க அவளைத் தனியாக விடவில்லை. சாயங்காலம் மகன் வந்ததும் சொன்னேன்.

"டாக்டரா? எதுக்கும்மா? வீட்டுல சும்மாதானே இருக்கா. ரெண்டு நாள் நல்லாத் தூங்கினா சரியாயிடும்."

"எப்படா தூங்க விட்டே? ராத்திரி பிள்ளை அழுதா நீ திரும்பிப் படுத்துக்கறே. நான் காது கேக்காத மாதிரி கிடக்கறேன். இந்தக் கவுனைப் பாரு."

பார்த்தான். "கழுத்தைக் காணோம்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் அப்பா சிரித்த அதே சிரிப்பு. ஐம்பத்தேழு வருஷம் கழித்து அது என் வீட்டுக்குள் வந்து நின்றது.

"எங்கம்மாவுக்கு வந்தது காய்ச்சல் இல்லைடா," என்றேன்.

அவன் சிரிப்பு அறுந்தது. கவுனை மடித்து வைத்தான். மடிக்கத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மூன்று பேருமாகப் போனோம். டாக்டரம்மா நிதானமாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். மருமகள் தரையைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

"இல்லை டாக்டர்," என்றான் மகன்.

"இருந்தது," என்றேன் நான். "எங்கம்மாவுக்கு."

"நீங்க இவங்களோட அம்மாவா?"

"மாமியார்."

அவர் பேனா நின்றது. "அப்படின்னா இவங்களுக்கு ரத்த சம்பந்தம் இல்லையேம்மா."

"இல்லைதான் டாக்டர். ஆனா ரெண்டு பேரும் ஒரே மெஷின்ல உட்கார்ந்தவங்க."

மருமகள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"உங்கம்மாவுக்கு என்ன ஆச்சு அத்தை?" என்றாள். "எனக்குச் சொல்லவே இல்லையே."